நான்காவது பிள்ளை

விக்டோரியா மகாராணி காலத்துக் குழந்தைகளின் வாட்டர்கலர் ஓவியங்கள் என்றால் எனக்குப் பைத்தியம். அமெரிக்காவில், ரிச்சர்ட்சனில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள், “இதெல்லாம் யார் வீட்டுப் பசங்க?” என்று கேட்காமல் காபி குடிப்பதில்லை. கணவருக்கு அதில் ஒரே சிரிப்பு.

அவற்றில் மூன்றை ஒரு வயதான அமெரிக்க அம்மாளிடம் வாங்கினேன். பச்சை பெஞ்சில் படத்துக்கு ஒரு சிறுமி, காலடியில் காது கிழிந்த நாய். மூவரும் அக்கா தங்கைகள். நான்காவதாக அவர்களுடைய தம்பியின் படமும் இருந்ததாம். அந்தத் தம்பிதான் இந்த அம்மாளின் தாத்தா. இவர் பிறப்பதற்கு முன்பே அது கைமாறிப் போயிருந்தது. கண்ணை மூடுவதற்குள் ஒரு தடவை பார்க்க வேண்டும் என்றார். கண்டுபிடித்துத் தருகிறேன் என்று நானும் வீராப்பாகச் சொல்லிவிட்டேன்.

கால்சட்டை போட்ட பையன் எங்கேயும் அகப்படவில்லை. அதே படத்துக்காகப் பழம்பொருள் வியாபாரி ஒருவரும் அலைந்துகொண்டிருந்தார். உங்கள் ஊர்ப் படங்களைச் சேர்க்கக் கூடாதா என்று என்னிடம் கேட்பார். பற்றிக்கொண்டு வரும்.

போன மாதம், இறந்தவர் வீட்டுச் சாமான்களை விற்கும் ஒரு எஸ்டேட் சேலில் அவர் கையில் ஒரு படத்தைப் பார்த்தேன். அதே பெஞ்ச், அதே நாய். ஆனால் வெள்ளை கவுனும் சுருட்டை முடியுமாக ஒரு குழந்தை. இதுவும் பெண்தான், எனக்குப் பையன்தான் வேண்டும் என்று வைத்துவிட்டு அவர் நகர்ந்தார். எனக்கும் சப்பென்று ஆகிவிட்டது.

அப்புறம்தான் அந்தக் குழந்தையின் முறைப்பைக் கவனித்தேன். அட, இது என் கணவரின் முறைப்பு! முதல் மொட்டைக்கு முன்னால் மாமியார் அவருக்குப் பாவாடை கட்டி, பூ ஜடை தைத்து, ஸ்டூடியோவில் இதே முறைப்போடு எடுத்த போட்டோ ஒன்று உண்டு. யார் கண்ணிலும் படாமல் கணவர் அதை அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறார். நம் வீட்டில் பையனுக்குப் பாவாடை என்றால், அவர்கள் வீட்டில் கவுன் இருக்காதா? படத்தை வாரி எடுத்துக்கொண்டேன்.

அன்றைக்கே அந்த அம்மாளிடம் கொண்டுபோனேன். முகவாயைத் தொட்டுப் பார்த்தவர், இது தாத்தாதான், என் அப்பாவுக்கும் அப்படியே இந்த முகம்தான் என்று அழுதார். அந்தக் காலத்தில் சின்னப் பையன்களுக்கும் கவுன்தான் என்று கேள்விப்பட்டிருக்கிறாராம். ஆசை தீர மடியில் வைத்திருந்துவிட்டு, அக்காக்களோடு மாட்டு என்று திருப்பிக் கொடுத்தார்.

விஷயம் தெரிந்து வியாபாரி போன் செய்தார். விற்பதற்கில்லை என்றேன். குரலில் திமிர் இருந்தது, இருக்கட்டுமே.

அன்று மாலை கணவர் அந்தப் பையனையே வெகுநேரம் பார்த்தார். பிறகு அலமாரியைத் திறந்து தன் போட்டோவை எடுத்து வந்தார்.

“இவன் மட்டும் தனியா மாட்டிக்கணுமா? பக்கத்துல இதையும் மாட்டு.”

இப்போது வருகிறவர்கள், இந்தப் பூ ஜடைக்காரி யார் வீட்டுப் பெண் என்று அவரிடமே கேட்கிறார்கள்.