ஓடுதளம் தெரியாவிட்டால் திரும்பி வா

எந்த வண்டியை ஓட்டக் கற்றுக்கொடுத்தாலும் முதல் பாடம் ரோட்டைப் பார்த்து ஓட்டு என்பதுதான். எங்கள் தொழிலில் மட்டும் வெளியே எட்டிப் பார்த்தால் திட்டு விழும். நான் சொல்வது மேகத்துக்குள் விமானம் ஓட்டும் வித்தையை. ஜன்னலுக்கு வெளியே வெள்ளையாக இருக்கும். எது வானம், எது தரை என்று தெரியாது. முன்னால் இருக்கிற ஊசிகளையும் எண்களையும் மட்டும் நம்பி ஓட்ட வேண்டும், இறக்கவும் வேண்டும். இதற்கென்று தனியாக ஒரு தேர்வு உண்டு. அதில் தேறாத விமானியை எந்தக் கம்பெனியும் வாசல்படி மிதிக்க விடாது. வாழ்க்கையில் ஒரு தடவையாவது ஏதாவது ஒரு தேர்வில் மண்ணைக் கவ்விய சக பாவிகளே, இது உங்களுக்காக.

நைனாவின் சந்தேகம்

என் நைனா செஞ்சிக்கும் அவலூர்பேட்டைக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். எனக்கு முன்பே எங்கள் வீட்டில் இருந்த ஒரே ஓட்டுநர் அவர்தான் என்பதால், விமானப் பள்ளியில் என்ன சொல்லிக்கொடுத்தாலும் அவரிடம் ஒப்புதல் வாங்கியாக வேண்டும். விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது ஹூட் என்ற சாமானைக் காட்டினேன். குதிரைக்குக் கண்ணில் கட்டுவது போன்ற ஒரு மறைப்பு. தலையில் மாட்டிக்கொண்டால் எதிரே உள்ள கருவிகள் தெரியும், வெளியே ஒன்றும் தெரியாது. இதை மாட்டிக்கொண்டுதான் மணிக்கணக்கில் பழகுகிறோம் என்றேன்.

நைனா அதை வாங்கித் தன் தலையில் மாட்டினார். நின்றுகொண்டிருந்த ஆட்டோவில் உட்கார்ந்து ஹேண்டிலைப் பிடித்தார். ஒரு நிமிஷம் இப்படியும் அப்படியும் தலையைத் திருப்பினார். பிறகு கழற்றிக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "இத்த மாட்டினு நான் ஓட்னா போலீஸ் புடிப்பான். நீ ஓட்னா சம்பளம் குடுப்பானா? இன்னா ஞாயம்மா இது?"

இட்லிப் பானை மூடி

விமானத்தில் ஏறும் நேரம் குறைவு, கட்டணம் அதிகம். அதனால் எல்லா மாணவர்களும் வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்தே பழகுவோம். என் அறைச் சுவரில் கருவிகளின் படம் ஒட்டியிருந்தது. இடது கையில் இட்லிப் பானை மூடி, அது ஸ்டியரிங். வலது கையில் இரண்டு கரண்டிகள், ஒவ்வோர் இன்ஜினுக்கும் ஒன்று. இறங்கும்போது ஒரு குறிப்பிட்ட உயரம் வரும். அதற்குள் ஓடுதளம் கண்ணில் பட்டால் இறங்கலாம். படவில்லை என்றால் ஒரு அடிகூடக் கீழே போகக் கூடாது. முழு வேகம் கொடுத்து மேலே ஏறிவிட வேண்டும். இதுதான் எங்கள் வேதம். அந்த விடுமுறையில் ஒரு நாள் அதைத்தான் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு உரக்கச் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தேன்: "தெரியல, தெரியல, மேல போ, மேல போ!"

அன்று மாலை எதிர்வீட்டு விஜயா அக்கா ஒரு எலுமிச்சம்பழமும் கொஞ்சம் விபூதியுமாக வந்தார். அம்மாவிடம் ஏதோ குசுகுசுத்துவிட்டு, என் நெற்றியில் பூசினார். எட்ட நின்றுகொண்டு மெதுவாகக் கேட்டார்: "மேல போ மேல போன்னு வெரட்டினியே, போயிடுச்சா அது?"

இன்னொரு ஊருக்கும் டீசல்

மேகத்துக்குள் போகிறவர்களுக்கு எரிபொருள் விதி வேறு. போகிற ஊருக்கு மட்டும் நிரப்பினால் போதாது. அங்கே இறங்க முடியாமல் போனால் போய்ச் சேர ஒரு மாற்று ஊரை முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். அதுவரை போக எண்ணெய், அதற்கு மேலும் வானத்தில் சுற்றிக்கொண்டிருக்க எண்ணெய். இதை நைனாவிடம் விளக்கியது என் தப்பு. அவருடைய வண்டியில் முள் எப்போதும் சிவப்பில்தான் இருக்கும். முள் சிவப்புக்குக் கீழே போனபிறகும் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பது அவர் மட்டுமே அறிந்த தேவ ரகசியம்.

"அவலூர்பேட்டைக்குப் போறவன் தெருவண்ணாமலைக்கும் சேத்து டீசல் போடணுமா? அப்புறம் வீட்டுக்கு அரிசி யாரு போடுவா, உன் மேகமா?"

காதுத் தண்ணி

பாவிகளே, மேகத்துக்குள் உங்களை முதலில் ஏமாற்றுவது உங்கள் உடம்புதான். விமானம் நேராகப் போய்க்கொண்டிருக்கும். உட்காதில் இருக்கும் நீர் ஆடி, வலது பக்கம் சாய்கிறாய் என்று சத்தியம் செய்யும். ஹூட்டுக்குள்ளும் அப்படித்தான்; நானும் நம்பினேன். உடம்பை இடது பக்கம் சாய்த்து, விமானத்தையும் கூடவே சாய்த்தேன். என் பயிற்சியாளர் கேப்டன் கையிலிருந்த அட்டையால் என் முழங்கையில் தட்டி நிமிர்த்தினார். அதற்கப்புறம் நான் வேறு வழி கண்டுபிடித்தேன். ஹூட்டின் ஓரத்தில் ஒரு சின்ன இடைவெளி. அதன் வழியாகக் கீழே ஒரு ஏரிக்கரையைப் பார்த்து, அதற்கு நேராக ஓட்டினேன். ஊசிகள் ஆணி அடித்தாற்போல் நின்றன. எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

கேப்டன் கருவிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஹூட்டை இழுத்து மூக்குவரை இறக்கிவிட்டார். "இவ்ளோ நல்லா ஓட்டுறது நீ இல்லம்மா. கீழ என்ன தெரியுது, ஏரியா, ரோடா?"

இன்னும் கொஞ்சம்

தேர்வு நாள் வந்தது. தேர்வு நடத்த வந்த தேர்வாளர் வேலூர்க்காரர், சிரிக்காத முகம். எல்லாம் நன்றாகத்தான் போனது. கடைசியாக இறங்கும் கட்டம். ஹூட்டோடு இறங்க வேண்டும். குறிப்பிட்ட உயரம் வந்ததும் அவர் ஹூட்டைத் தூக்கினால் ஓடுதளம் தெரிகிறது என்று அர்த்தம். தூக்காவிட்டால் தெரியவில்லை என்று அர்த்தம். உயரம் வந்தது. அவர் தூக்கவில்லை. மறந்திருப்பார், இதோ தூக்கிவிடுவார் என்று நினைத்தேன். ஆட்டோக்காரர் மகள் அல்லவா! இரண்டு லாரிக்கு நடுவே எப்படியும் புகுந்துவிடலாம் என்பது எங்கள் ரத்தத்திலேயே இருக்கிறது. இன்னும் கொஞ்சம் இறங்கினேன். அடுத்த நொடி கட்டுப்பாட்டை அவர் பிடுங்கிக்கொண்டார்.

தோற்றுவிட்டேன். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காமல் அழுதேன். கூடப் படித்தவர்கள் சீருடைக்கு அளவு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் எழுதித் தேறிய பாடங்கள் செல்லுபடியாக இன்னும் இரண்டே மாதம்தான். அதற்குள் இதில் தேறாவிட்டால் அத்தனையும் மறுபடி முதலிலிருந்து. அந்தத் தைரியம் என்னிடம் இல்லை, நிஜமாகவே இல்லை. முகம் கழுவிக்கொண்டு தேர்வுத் தாளில் கையெழுத்துப் போடப் போனபோது தேர்வாளர் கேட்டார்: "இன்னும் கொஞ்சம் போனா தெரியும்னு நெனச்சீங்க. அந்த இன்னும் கொஞ்சம் எந்தப் புத்தகத்துலம்மா இருக்குது?"

வெயிலில் ஒரு மேகம்

இரண்டாவது தடவையும் அவரே வந்தார். அன்று வானத்தில் மருந்துக்கும் மேகமில்லை. கழுத்தில் வெயில் சுட்டது. உலகத்தில் எல்லோருக்கும் ஓடுதளம் தெரிந்தது, எனக்கு மட்டும் மேகம். இறங்கினேன். உயரம் வந்தது. ஹூட் அப்படியே இருந்தது. சக்கரத்துக்குக் கீழே தரை இருக்கிறது, கையெட்டும் தூரத்தில் இருக்கிறது என்று உடம்பு முழுக்கக் கத்தியது. முழு வேகம் கொடுத்தேன். விமானத்தின் மூக்கைத் தூக்கினேன். ஓடுதளம் தெரியவில்லை, மேலே போகிறேன் என்று ரேடியோவில் சொன்னேன். அந்த வெயிலில் அதைக் கேட்ட கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்காரர்கள் சிரித்திருப்பார்கள்.

மறுபடி சுற்றி வந்து, ஹூட் இல்லாமல் இறங்கி, நான் இன்ஜினை அணைத்தபிறகும் தேர்வாளர் எழுதிக்கொண்டே இருந்தார். தேர்ச்சி என்று எழுதி, தாளை என் பக்கம் திருப்பி வைத்தபோதுதான் வாயைத் திறந்தார். "ஓடுதளம் அவ்ளோ அழகா தெரிஞ்சுதும்மா. எனக்கே எறங்கிடலாம்போல இருந்துச்சு."

ஸ்பீக்கரில் நைனா

உடனே நைனாவுக்குப் போன் போட்டேன். அவலூர்பேட்டை ஸ்டாண்டில் இருந்தார். ஆட்டோவில் இருந்தவர்கள் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டுவிட்டார். பாஸ் என்றதும் உள்ளே இருந்தவர்கள் கைதட்டினார்கள். நைனா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. எனக்கும் கண் நிறைந்துவிட்டது.

"சூப்பரா எறக்குனியா?" என்றார்.

"இல்ல நைனா, எறக்கவே இல்ல. தரை கிட்ட போய்ட்டு திரும்பி மேல வந்துட்டேன். அதுக்குத்தான் பாஸ் போட்டாங்க."

கைதட்டல் நின்றது. யாரோ ஒருவர், வண்டியை எடுப்பா நேரமாவுது என்றார். நைனா பெருமூச்சு விட்டார். "நானு இத்தினி வருசமா ஏத்துனவன் எல்லாத்தயும் ஒழுங்கா எறக்கி வுட்டுனு இருக்கேன், ஒருத்தன் ஒரு பேப்பர் குடுக்கல. எறக்காம வந்ததுக்கு உனக்கு சர்டிபிகேட்டு!"

ஆகவே சக பாவிகளே, வெளியே பார்க்காமல் ஓட்டவும், போன ஊரில் இறங்காமல் திரும்பவும் அரசாங்கமே முத்திரை குத்தி அனுமதித்திருக்கும் என்னைப் பார்த்து, இந்தப் பிள்ளை உருப்படும் என்று செஞ்சியில் இன்னும் ஒருவர்கூடச் சொல்லவில்லை.