அம்மா மலையாளத்தை மறந்தபோது

எழுபதுகளின் கடைசியில், அம்மாவிடமிருந்து முதலில் போனது மலையாளம். கல்யாணமாகித் தென்காசியிலிருந்து கொச்சி மட்டாஞ்சேரிக்கு வந்தபின் கடைவீதியிலும் பக்கத்து வீடுகளிலும் பேசிப் பேசிப் பிடித்த பாஷை அது. இங்கேயே பிறந்த என்னைவிட வேகமாகப் பேசுவாள். ஒருநாள் எதிர்வீட்டு இத்தா, "அம்மே, சாயா குடிச்சோ?" என்று கேட்டாள். அம்மா என் பக்கம் திரும்பி, "இவ என்னட்டி சொல்லுதா?" என்றாள். வேடிக்கை என்று நினைத்து நாங்கள் இருவரும் சிரித்தோம். அம்மா சிரிக்கவில்லை.

அக்கா என்ற அர்த்தத்தில் தெருவே அவளை இத்தா என்றுதான் கூப்பிடும். அவள் கணவர் வளைகுடாவில் இருந்தார். எங்கள் வீட்டிலும் அப்பா காலமான பிறகு நானும் அம்மாவும்தான். நான் பக்கத்தில் சுள்ளிக்கல்லில் பள்ளி டீச்சர்.

கொஞ்ச நாளில் அம்மா அடுப்பில் பாலை வைத்துவிட்டு அப்படியே வாசலில் போய் நிற்க ஆரம்பித்தாள். அப்பா ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்பாள். ஊரிலிருந்து வந்த சித்தப்பா, "காத்து கருப்பா இருக்கும், கோயிலுக்குக் கூட்டிட்டுப் போய் மந்திரிச்சிரு" என்றார். ஒரு டாக்டரோ, வயசானால் அப்படித்தான் என்று சத்து மாத்திரை எழுதித் தந்தார்.

ஒரு சனிக்கிழமை காலையில் அம்மா இரண்டு சேலைகளைப் பையில் திணித்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். படகுத்துறையில் பிடித்தேன். "எங்க வீட்டுக்குப் போணும். எங்கம்மை தேடுவா" என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நம் வீடு இங்கேதான் என்று நான் சொல்லச் சொல்ல அழுகை கூடியது. கூட்டம் சேர்ந்துவிட்டது.

விஷயம் தெரிந்து ஓடிவந்த இத்தா என் கையை விலக்கினாள். "விடு மோளே. அம்ம போகட்டெ. நம்மளும் கூடப் போகாம்."

மூன்று பேரும் எர்ணாகுளம் படகில் ஏறினோம். தண்ணீரைப் பார்த்தபடி அம்மா மெல்ல அடங்கினாள். அக்கரையில் டீ வாங்கிக் கொடுத்தோம். குடித்து முடித்ததும் இத்தா தனக்குத் தெரிந்த தமிழில், "அம்மே, நேரமாச்சு. வீட்டுக்குப் போகலாமா?" என்று கேட்டாள்.

"ஆமா, போலாம்" என்று எழுந்தாள் அம்மா. அடுத்த படகில் திரும்பி வந்து எங்கள் வாசல்படி ஏறியதும், "அப்பாடா, வீடு வந்துட்டு" என்றாள். நானும் இத்தாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அன்றிலிருந்து நான் பள்ளிக்குப் போகும் நேரமெல்லாம் அம்மா இத்தாவின் வீட்டில். அவளுக்குப் பாரமாகிவிட்டோமே என்று ஒருமுறை தயங்கித் தயங்கிச் சொன்னேன். "ஞான் சும்மா இரிக்கயல்லே? அம்மயோடெ கத கேட்டா நல்ல ரசமா" என்றாள். பசிக்கு, தூக்கத்துக்கு, வலிக்கு என்று ஒவ்வொன்றுக்கும் அம்மாவின் சொல் என்னவென்று என்னிடம் கேட்டுப் பழகிக்கொண்டாள். ஒருநாள் நான் அவள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளேயிருந்து, "பசிக்காம்மா? இன்னும் கொஞ்சம் சாப்பிடுதியளா?" என்று சுத்தமான தென்காசித் தமிழ் கேட்டது. ஊரிலிருந்து யாரோ வந்திருக்கிறார்கள் என்றே நினைத்தேன். எட்டிப் பார்த்தால் இத்தா.

சில வருஷம் கழித்து எர்ணாகுளத்தில் ஓர் இளம் டாக்டர்தான், இது மூளையைப் பிடிக்கும் மறதி நோய், அம்மாவின் பிடிவாதமும் இல்லை, யார் செய்த பாவமும் இல்லை என்று விளக்கினார். குணப்படுத்த மருந்து இல்லை என்றும் மறைக்காமல் சொன்னார். "பார்த்துக்கிறவங்களும் நல்லா இருக்கணும். உங்களுக்குத் துணைக்கு யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார். இருக்கிறார்கள் என்று யோசிக்காமல் சொல்ல முடிந்ததே, அதற்கு இன்றைக்கும் நன்றி சொல்லிக்கொள்கிறேன். இப்போது உலகம் முழுக்க இந்த நோயைப் பற்றிப் பேசுகிறார்கள், அரசாங்கங்கள் திட்டம் போட வேண்டும் என்கிறார்கள். போடட்டும். எல்லா வீட்டுக்கும் எதிரே ஓர் இத்தா இருப்பாள் என்று சொல்ல முடியாது.

எண்பதுகளின் நடுவில், ஒரு மழைக்காலப் பகலில், இத்தா தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தபோது அம்மாவின் உயிர் பிரிந்தது. கடைசி மாதங்களில் என்னை யாரென்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் நாங்கள் இருவரும் தன்னைச் சேர்ந்தவர்கள் என்பது மட்டும் தெரிந்திருந்தது. யார் கை நீட்டினாலும் பிடித்துக்கொள்வாள்.

மறு வருஷம் எங்கள் தெருவிலேயே கொங்கணி பேசும் ஒரு வீட்டுப் பெரியவர் வழி தெரியாமல் அலைய ஆரம்பித்தார். அவர் மருமகள் பயந்துபோய் எங்களிடம்தான் வந்தாள். அவளை உட்காரவைத்து, நானும் இத்தாவும் எங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னோம்.