கொட்டாஞ்சேனையில் ஒரு கேள்விக்கு வந்த இரண்டு பதில்கள்

நாட்கூலியில் வாழும் குடும்பங்கள் என்ன சாப்பிடுகின்றன என்று விசாரிக்கும் ஆய்வொன்றுக்காக, 2007இன் தொடக்கத்தில் சில மாதங்கள் கொழும்பின் கொட்டாஞ்சேனைக்குப் போய் வந்தேன். இதே மாதிரிக் களவேலைக்குப் போகவிருக்கும் இரண்டு மூன்று பேர் வழி கேட்டு எழுதியிருந்தார்கள். அவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. ஆனால் எழுத உட்கார்ந்தால் மெற்றில்டா அக்காவின் வீடுதான் முன்னுக்கு வருகிறது.

முதலில் வழி. நான் இருப்பது வெள்ளவத்தையில். காலி வீதியில் புறக்கோட்டை பஸ் எடுத்தால் பதினைந்து ரூபா, ஒன்பது கிலோமீட்டர் அளவில் வரும். சாதாரண நாளில் முக்கால் மணித்தியாலம். சோதனைக்கு இறக்கினால் எவ்வளவு ஆகும் என்று சொல்ல முடியாது. அக்காவின் வீட்டுக்கு முதல் தடவை போன அன்று கொள்ளுப்பிட்டியில் எல்லோரையும் இறக்கினார்கள். அடையாள அட்டையில் யாழ்ப்பாணம் என்று கண்டதும், ஓர் இளம் ஆமிக்காரர் என் பையைத் திறக்கச் சொன்னார். உள்ளே இருந்த தாள்கள் என்ன என்று கேட்டார். சனங்களுக்குச் சாப்பாடு போதுமா என்று விசாரிக்கிற வேலை என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். "எங்கள் ஊருக்கும் வந்து கேளுங்கள்" என்று சொல்லிப் பையைத் திருப்பித் தந்தார். பகிடியாகச் சொன்ன மாதிரித் தெரியவில்லை.

புறக்கோட்டையிலிருந்து ஓட்டோவுக்கு எண்பது ரூபா. வயதான முஸ்லிம் சாரதி ஏற்றுவதற்கு முன்பே கேட்டார்: "பொலிஸ் பதிவு ஈக்குதா தங்கச்சி? இல்லாட்டி என்னையும் சேத்துப் புடிச்சிக்கொண்டு போவானுகள்." வடக்கிலிருந்து வந்து கொழும்பில் தங்கும் தமிழர் பொலிஸில் பதிந்திருக்க வேண்டும்.

ஜம்பட்டா வீதிக்குப் பின்னால் உள்ள ஒரு தோட்டத்தில்தான் அந்த வீடு. தோட்டம் என்றதும் மரஞ்செடிகளை நினைக்க வேண்டாம். ஒரே தண்ணீர்க் குழாயை நம்பி நெருக்கியடித்து நிற்கும் ஒற்றை அறை வீடுகளைக் கொழும்பில் அப்படித்தான் சொல்வோம். அமலதாஸ் அண்ணை யாழ்ப்பாணத்துக் குருநகரில் கடற்றொழில் செய்தவர். சண்டை திரும்பத் தொடங்கியதும் மனைவி மெற்றில்டாவையும் மகள் டிலானியையும் கூட்டிக்கொண்டு கொழும்புக்கு வந்தவர். புறக்கோட்டையில் வெங்காய மூட்டை இறக்கும் வேலை. எங்கேயாவது குண்டு வெடித்தால், யாழ்ப்பாண விலாசக்காரரை முதலாளிமார் கொஞ்ச நாளைக்குக் கூப்பிட மாட்டார்கள். அக்கா வெள்ளவத்தையில் ஒரு மாடி வீட்டில் சமையல் வேலை செய்தார்.

நான் போன நேரம் இருவரும் வீட்டில் இருந்தார்கள். பிள்ளை பள்ளிக்கூடத்தில். வருமானம், வாடகை எல்லாம் கேட்டு முடித்து, அந்தக் கேள்விக்கு வந்தேன். போன கிழமை ஏழு நாட்களில் வீட்டில் யாராவது ஒரு நேரச் சாப்பாட்டை விட்டதுண்டா?

"இல்லை" என்றார் அண்ணை.

"ஓம்" என்றார் அக்கா, அதே நேரத்தில். தன்னையறியாமல் வந்த சொல். சொன்ன பிறகுதான் கையால் வாயைப் பொத்தினார்.

அண்ணை திரும்பிப் பார்த்தார். "ஆர் சாப்பிடாமல் இருந்தது? நீர் வேலை செய்யிற வீட்டிலை மத்தியானம் சாப்பிடுறன் எண்டெல்லே சொன்னனீர்?"

"அங்கை தேத்தண்ணி மட்டும்தான் தாறவை." அக்கா நிலத்தைப் பார்த்தபடி சொன்னார். "நீங்கள் கடையிலை சாப்பாடு தருவினம் எண்டு சொன்னியள். அதாலை பின்னேரம் ஆக்கிறதை உங்களுக்கும் பிள்ளைக்கும் போட்டன்."

"எனக்கும் அங்கை ஒண்டும் தாறேல்லை" என்றார் அண்ணை. "பிள்ளைக்கும் உமக்கும் காணட்டும் எண்டு நான் அரைவாசியை விட்டிட்டு எழும்புவன். நீர் அதையும் பிள்ளைக்கு வைச்சிருக்கிறீர்."

எனக்கு அங்கே இருக்க முடியவில்லை, எழும்பவும் முடியவில்லை. அண்ணை என்னைப் பார்த்து, "உங்கடை ஆராய்ச்சியாலை எங்களுக்கு ஏதும் கிடைக்குமோ, பிள்ளை?" என்று கேட்டார். கிடைக்காது என்றுதான் சொல்ல முடிந்தது. தலையாட்டிவிட்டு மனைவியிடம் சொன்னார்: "நான் ஊருக்குப் போறன். ஒரு வாய் குறைஞ்சால் உங்கள் ரெண்டு பேருக்கும் காணும்."

"அங்கை கடலுக்கு விடமாட்டினம். செல் விழுது. விசரே உங்களுக்கு?" அக்கா அழத் தொடங்கினார். நான் விடைபெற்றதை இருவரும் கவனிக்கவில்லை.

சில வாரங்களுக்குப் பிறகு, அதே வீடுகளை மறுபடி விசாரிக்கும் இரண்டாம் சுற்றுக்குப் போனபோது அண்ணை இல்லை. வடக்குப் பாதை மூடியிருந்ததால், திருகோணமலைக்குப் போய் யாழ்ப்பாணத்துக்குக் கப்பலேறியிருந்தார். கரையோரமாக மட்டும், அதுவும் கடற்படை விட்ட நாட்களில் தொழிலாம். மற்ற நாட்களில் நிவாரண அரிசி. தொலைபேசி கிடைத்தால் மகளோடு கதைப்பாராம். அக்காவிடம் அதே கேள்வியைக் கேட்டேன்.

"இப்ப ஒரு நேரமும் விடுறேல்லை, பிள்ளை. சாப்பாடு காணும்." பிறகு சொன்னார்: "காணும் எண்டு சொல்லவே வெக்கமாக் கிடக்கு."

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். அடையாள அட்டையும் வேலை செய்யும் இடத்துக் கடிதமும் கையில் இருக்கட்டும். காலையிலேயே போய்விடுங்கள், பின்னேரம் சோதனை அதிகம். தண்ணீர் கொண்டு போங்கள்; அந்த வீடுகளில் தேநீர் தராமல் விடமாட்டார்கள், அந்தச் சீனி பிள்ளையின் சீனி. கணவனையும் மனைவியையும் தனித்தனியே கேளுங்கள் என்று சொல்ல நினைத்தேன். ஆனால் அப்படிக் கேட்டிருந்தால் இருவரும் இன்னும் அப்படியே பட்டினி கிடந்திருப்பார்கள், ஒரே கூரையின் கீழ். எது நல்லது என்று எனக்குத் தெரியவில்லை.

எங்கள் அட்டவணையில் அது இப்போது உணவு போதுமான வீடு. அப்படி ஒரு பதில் உங்களுக்குக் கிடைத்தால் சந்தோஷப்பட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடாதீர்கள். அந்த வீட்டில் இப்போது யார் இல்லை என்றும் கேளுங்கள்.