ஊர்வல வேகம்

1983இல் அகத்தா, மலேசியாவின் கோலா கெத்தில் டவுனில் கல்யாணக் கவுன் தைத்துக்கொண்டிருந்தாள். அவள் தைத்த வெள்ளைக் கவுனோடு ரப்பர் தோட்டத்துப் பெண்கள் லோரியில் ஏறித்தான் மாதா கோயிலுக்குப் போவார்கள். போய் இறங்கும்போது கவுன் ஓரமெல்லாம் செம்மண். அதைப் பார்த்து மனம் பொறுக்காமல், வாடகைக்கு விட ஒரு கல்யாணக் கார் வாங்குவதென்று முடிவு செய்தாள். கணவன் ஜூலியஸ் பள்ளி பஸ் ஓட்டுபவன். விடுமுறை நாளில் அவனே ஓட்டிக்கொள்ளலாம்.

துணிக்கடை அழகப்பன் தன் இத்தாலிக் காரை விற்கவிருந்தார். கறுப்பு நிறம், தோல் இருக்கை, பேய் வேகம். சுங்கை பட்டாணி சாலையில் ஓட்டிவிட்டு வந்த ஜூலியஸுக்கு முகமெல்லாம் பல்.

"காடி பறக்குது லா! மத்த காடியெல்லாம் நிக்கிற மாதிரி இருக்கு."

"அப்ப பேசி முடிச்சிடலாமா, தங்கச்சி?" என்றார் அழகப்பன்.

அகத்தா பின்கதவைத் திறந்து, ஒரு கவுனை விரித்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, பொண்ணு என்ன ரேஸுக்கா போறா? மேளத்துக்குப் பின்னாடி போற மாதிரி பெலான் பெலானா, மெதுவா ஓட்டிப் பாக்கணும்."

அவளே இறங்கி முன்னால் நடந்தாள். கார் பின்னால் ஊர்ந்தது. "யாருக்குடி கல்யாணம்?" என்று மீன் விற்கும் மருதம்மாள் கேட்டதும் தெருவே சிரித்தது. பாசார் சந்தை வருவதற்குள் காரின் முன்மூடியிலிருந்து குபுகுபுவென ஆவி கிளம்பியது.

அழகப்பன் பதறிவிட்டார். "சத்தியமா தெரியாது தங்கச்சி. நான் இத மெதுவா ஓட்டினதே இல்ல."

அகத்தா அவரை நம்பினாள். ஆனாலும் காரை வாங்காமல், திரும்பித் திரும்பிப் பார்த்தபடியே கணவனும் மனைவியும் வீட்டுக்கு நடந்தார்கள். இருவருக்குமே அந்தக் காரின் மேல் ஆசை விழுந்துவிட்டது.

மறுநாள் அழகப்பனே மெக்கானிக் அய்யாவுவை அழைத்து வந்தார்.

"வேகமா போனா காத்துலயே எஞ்சின் ஆறிடும். மெதுவா போனா விசிறி சுத்தணும். விசிறி நல்லாத்தான் இருக்கு. அத கிளப்புற சுவிட்சுதான் செத்துப்போச்சு," என்றார் அய்யாவு. அந்தச் சாமான் இங்கே கிடைக்காது. அதனால் ஒரு வயரை இழுத்து, ஸ்டியரிங் பக்கத்தில் கையால் போடுகிற சுவிட்சு வைத்துக் கொடுத்தார்.

அகத்தா மறுபடி முன்னால் நடந்தாள். டவுனை இரண்டு சுற்று. சூடு காட்டும் முள் பாதியைத் தாண்டவில்லை. அன்றே கார் கைமாறியது.

முதல் சவாரிக்கு வந்த மணப்பெண் பிரிஜெட், தோட்டத்தில் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கிறவள். தார்ச்சாலைக்கு வந்ததும் முன்னால் சாய்ந்தாள்.

"அண்ணே, இது இவ்வளவுதான் ஓடுமா?"

ஜூலியஸ் மனைவியைப் பார்த்தான். அகத்தா பெண்ணின் முக்காட்டை இரு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"கண்ணாடிய ஏத்திட்டுப் போங்க."

கோயிலுக்குப் போனபோது மாப்பிள்ளையே இன்னும் வந்திருக்கவில்லை. பிரிஜெட் காரிலேயே உட்கார்ந்து, சிரிப்பை அடக்க முடியாமல், "அக்கா, இன்னொரு ரவுண்டு போலாமா?" என்றாள்.