பென்னலூர் நாகப்பன் நட்ட கொடிக்கம்பம்

பென்னலூர் நாகப்பன் எனக்கு ஆயிரத்து நானூறு ரூபாய் கடன் பாக்கி. கொடிக்கம்பம் ஒன்று செய்து கொடுத்ததில் இரும்பு விலையும் என் கூலியும் சேர்ந்து அவ்வளவு. தொண்ணூறாம் வருஷம் ஆடி மாதம் ஏறிய கடன். அடுத்த ஆடி முடியப்போகிற வரைக்கும் அதில் ஒரு பைசா குறையவில்லை.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். ஆனால் ஸ்ரீபெரும்புதூர் ஹைவேயில் 'வெல்டிங் பாபு' என்றால் லாரிக்காரன்கூட கை காட்டுவான். தண்டலத்தில் தொடங்கி படப்பை வரைக்கும் எந்தக் கட்சிக் கம்பத்தை வேண்டுமானாலும் தொட்டுப் பாருங்கள், என் கைவேலைதான். அதற்கு ஒரு காரணம் உண்டு. அந்தக் காலத்தில் ஒரு கட்சிக்காரன் ஏற்றின கொடியை இன்னொரு கட்சிக்காரன் ராத்திரியோடு ராத்திரியாக இறக்கிவிடுவான். மறுநாள் அடிதடி, போலீஸ். நான் யோசித்து உச்சியில் ஒரு கொக்கி வைத்தேன். கொடி கட்டின கம்பி மேலே போய் அதில் 'டக்'கென்று மாட்டிக்கொள்ளும். கயிறு தானாகக் கழன்று கீழே வந்துவிடும். அப்புறம் எவன் தலைகீழாக நின்றாலும் கொடியை இறக்க முடியாது. வெயிலில் மழையில் கிழிந்தால்தான் உண்டு. எந்த இஞ்சினியருக்கும் இது தோன்றவில்லை, எனக்குத் தோன்றியது.

இது என் கதை இல்லை, நாகப்பன் கதை. ஆனாலும் கொக்கியைச் சொல்லாமல் அவர் கதையைச் சொல்ல முடியாது.

நாகப்பன் சின்னப் பையனாக இருந்தபோது எழுபத்தொன்று பாகிஸ்தான் சண்டை முடிந்தது. பக்கத்துத் தெரு ராணுவக்காரர் ஒருவர் ஊர் திரும்பினார். அவரை மாட்டுவண்டியில் உட்காரவைத்து, மேளம் அடித்து, வீட்டுக்கு வீடு ஆரத்தி எடுத்தார்கள். வண்டி முன்னால் ஒரு கொடி. அந்த வண்டிக்குப் பின்னாலேயே ஓடினவர்தான் நாகப்பன். பதினெட்டு வயசானதும் அவரும் பட்டாளத்தில் சேர்ந்தார். கூடவே அதே தெரு ரகுபதியையும் இழுத்துக்கொண்டு போனார்.

எண்பத்தேழில் ரெண்டு பேரையும் அமைதிப்படையில் சிலோனுக்கு அனுப்பினார்கள். நாகப்பன் மட்டும்தான் திரும்பினார். ரகுபதியின் உடம்புகூட வரவில்லை. அவன் டிரங்குப் பெட்டிதான் அம்மா செல்லம்மாளிடம் வந்து சேர்ந்தது.

தொண்ணூறு மார்ச்சில் நாகப்பன் பணியிலிருந்து விடுபட்டு பஸ்ஸிலிருந்து இறங்கினபோது வண்டியும் இல்லை, மேளமும் இல்லை. ரைஸ் மில் தணிகாசலம் எதிரே வந்தார். ஊரில் அவர் வைத்ததுதான் சட்டம்.

"இன்னா நாகப்பா, போன எடத்துல தமிழன் எத்தினி பேரைச் சுட்ட?"

நாகப்பன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். அதுதான் ஊர் கொடுத்த வரவேற்பு.

அந்த வருஷம் சுதந்திர தினத்துக்கு மில் எதிரே தேசியக் கொடி ஏற்ற வேண்டும், ரகுபதிக்காக செல்லம்மாள் கையால் ஏற்ற வேண்டும் என்று அவருக்கு ஓர் ஆசை. என்னிடம் வந்து முப்பதடிக் கம்பம் கேட்டார். பென்ஷன் பாக்கி வந்ததும் பணம் தருகிறேன் என்றார். பட்டாளத்துக்காரன் வாக்கு என்று நானும் செய்து கொடுத்தேன்.

தணிகாசலம் விடவில்லை.

"இங்க மூணு கம்பம் நிக்குது. உன்னுது எந்தக் கட்சி?"

"இது கட்சி இல்லிங்க, நாடு."

"கட்சின்னா டீயாவது வாங்கித் தருவான். உன் நாடு இன்னா வாங்கித் தரும்? தமிழனைச் சுட்டுட்டு வந்து தமிழன் ஊர்லயே கம்பம் நடறியா? போய்யா."

கூட்டம் சிரித்தது. என் கம்பம் நாகப்பன் வீட்டுப் பின்பக்கம் படுத்துவிட்டது. அவர் சம்சாரம் அதில் துணி காயப்போட்டது. எனக்கு வயிறு எரிந்தது. பணமும் வரவில்லை, சரக்கும் நிமிரவில்லை.

தொண்ணூற்றொன்று மே மாதம் எங்கள் ஸ்ரீபெரும்புதூரில் நடந்தது உலகத்துக்கே தெரியும். நான் அதை எழுதப்போவதில்லை. அந்த வாரம் ஆத்திரத்தில் ஜனங்கள் வெட்டிச் சாய்த்த கம்பங்களில் பாதி நான் செய்தவை என்பதை மட்டும் சொல்கிறேன். மில் எதிரே நின்ற மூன்றில் ஒன்றும் மிச்சமில்லை.

அதற்கப்புறம் மெட்ராஸ் பஸ்ஸில் ஊர்ப் பேரைச் சொல்லி டிக்கெட் கேட்டால் கண்டக்டர் ஒரு தரம் முகத்தைப் பார்ப்பான். கல்யாண வீட்டில் "எந்த ஊரு?" என்று கேட்டவர்கள் பதில் கேட்டதும் பேச்சை மாற்றுவார்கள். நாங்கள் என்ன செய்தோம்? ஆனாலும் எல்லாருக்கும் உள்ளுக்குள் ஒரு கூச்சம். நாங்களும் இந்த நாட்டு ஆட்கள்தான் என்று யாருக்காவது காட்ட வேண்டும் போல இருந்தது.

தணிகாசலத்துக்கு அப்போதுதான் நாகப்பன் நினைவு வந்தது. ஆகஸ்ட் பிறந்ததும் மாலையும் கையுமாக அவர் வீட்டுக்கே போனார். கடனை வாங்கலாம் என்று நானும் அன்றைக்கு அங்கே இருந்தேன்.

"நாகப்பா, நீ சிங்கம்யா! கொடியேத்தறோம். கம்பத்துக்கு உண்டான பணம் ஊர்ப்பணத்துலருந்து தர்றோம்" என்றார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். உடனே அவர் பின்பக்க அறையைக் காட்டினார். "அந்த சிலோன்காரனை மட்டும் காலி பண்ணிடு."

பின்பக்க அறையில் சூசைதாசன் என்று ஒருவன் மனைவி, கைக்குழந்தையோடு குடியிருந்தான். மன்னார்ப் பக்கம் மீன் பிடித்தவன். சண்டையில் வள்ளம் எரிந்தது. எந்தப் பக்கத்துக் குண்டு என்று அவனுக்கே தெரியாது. தண்டலம் பஸ் ஸ்டாப்பில் குழந்தையோடு நின்றவனை நாகப்பன்தான் அழைத்து வந்து இடம் கொடுத்தார். போலீஸ் ஸ்டேஷனில் பேர் பதிந்து, கூப்பிட்டபோதெல்லாம் போய்க் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

"அவன் இன்னா பண்ணான்?" என்றார் நாகப்பன்.

"பண்ணானோ, பண்ணலியோ. சிலோன்காரன் இருக்கற வூட்டு ஆளு கொடியேத்துனா நாலு பேரு இன்னா சொல்லுவான்?"

"போன வருஷம் நான் தமிழனைச் சுட்டேன்னு தொரத்துனீங்க. இந்த வருஷம் தமிழனை வூட்ல வச்சிக்கினு கீறேன்னு தொரத்தறீங்க. நான் இன்னாதான் பண்ணணும், சொல்லுங்க?"

தணிகாசலத்துக்கு மூக்கு சிவந்தது. ஆனால் ஊரில் நாகப்பனை விட்டால் இப்போது பட்டாளத்துக்காரன் வேறு யார்? கடைசியில் எழுந்தபடியே சொன்னார்.

"நட்டுக்கோ. ஆனா ஊர்ப்பணம் ஒரு பைசா கெடையாது. கொடி விஷயத்துல தூசி அளவு தப்பு நடந்துச்சோ, அன்னிக்கே அவன் குடும்பத்தோட தெருவுல நிப்பான். ஏத்தற அன்னிக்கு அவன் மூஞ்சி வெளிய தெரியக்கூடாது."

நாகப்பன் சம்மதித்தார். என் கடன் அவர் தலையிலேயே தங்கியது. பட்டாளத்தில் தினமும் கொடிக்கு சல்யூட் அடித்தவர், தப்பு நடக்கவா விடுவார் என்று நான்கூட நினைத்தேன்.

ஆகஸ்ட் பதினைந்து காலையில் பென்னலூரே மில் எதிரே நின்றது. நாகப்பன் மெடலைக் குத்திக்கொண்டு வந்தார். கொடியை மடித்து, உள்ளே பூ வைத்து, பிடித்து இழுத்தால் அவிழ்கிற முடிச்சாகப் போட்டார். செல்லம்மாள் கயிற்றை இழுத்தாள். கொடி மேலே போய் விரிந்தது, பூ கொட்டியது. என் கொக்கி 'டக்'கென்று பிடித்தது. கயிறு கீழே வந்தது. அதை அழகாகச் சுருட்டி நாகப்பன் கையில் கொடுத்தேன். சாயங்காலம் திரும்ப மாட்டிக்கொள்கிற கயிறு என்று அவர் நினைத்துக்கொண்டார். நான் ஆரஞ்சு மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு பட்டறைக்கு வந்துவிட்டேன்.

மாலை வெயில் சாய்கிற நேரம், நாகப்பன் சைக்கிளில் வியர்க்க விறுவிறுக்க வந்து நின்றார்.

"பாபு, கொடியை எப்படிய்யா எறக்கறது?"

"எறக்கறதா? எதுக்கு எறக்கணும்? நம்ம கம்பத்துல கொடியை எவனும் எறக்க முடியாது. அதுதானே என் ஸ்பெஷல்!"

அவர் முகத்தில் ரத்தமே இல்லை. தேசியக் கொடி கட்சிக்கொடி மாதிரி இல்லையாம். பொழுது சாய்வதற்குள் இறக்கி மடித்து வைத்துவிட வேண்டுமாம். இருட்டில் பறக்கவிட்டால் அவமரியாதையாம். விசேஷ நாள் தவிர மற்ற நாளில் நம்மைப் போன்றவர்கள் ஏற்றவே கூடாதாம். இதையெல்லாம் முன்கூட்டியே சொல்லியிருந்தால் நான் அதற்கேற்ற மாதிரி செய்திருக்க மாட்டேனா? வாயைத் திறந்து அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தப்பு யார் மேல் என்று நீங்களே சொல்லுங்கள்.

நாங்கள் போனபோது கூட்டம் சேர்ந்துவிட்டது. பந்தல்காரன் ஏணியை வைத்துப் பார்த்தார்கள், பாதிக் கம்பத்துக்குக்கூட எட்டவில்லை. கல்லில் கயிறு கட்டி வீசினார்கள். கொடி கிழியும் என்று நாகப்பன் கத்தினார். தணிகாசலம் மில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"இன்னா நாகப்பா, பொழுது போவுதே! நான் சொன்னது ஞாபகம் கீதா?"

"கேஸ் கட்டர் எடுத்தாறேன். அடியில வெட்டிட்டா படுத்துரும்" என்றேன் நான்.

"அடப்பாவி! தேசியக் கொடியோட கம்பத்தை வெட்டறதா? இருக்கற நெலமையில இந்த ஊர்ல கம்பம் சாயறதை எவனாவது பாத்தான்னா அத்தினி பேரும் ஜெயிலுதான்!" என்று அலறினார் தணிகாசலம்.

செல்லம்மாள் என்னைப் பார்த்துக் கையை நீட்டினாள். "ஏண்டா பாபு, ஏத்தற கம்பம் செய்யத் தெரிஞ்சவனுக்கு எறக்கற கம்பம் செய்யத் தெரியாதா?"

"ஆயா, எறக்க முடியாதுங்கறதாலதான் எனக்கு இவ்ளோ பேரு."

"நல்ல பேருடா!"

எல்லாரும் சிரித்தார்கள். நாகப்பன் சிரிக்கவில்லை. அவர் தன் வீட்டுத் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே சூசைதாசன் மனைவி ஏற்கெனவே பாத்திரங்களை மூட்டை கட்டுவதாக யாரோ வந்து சொல்லியிருந்தார்கள்.

அப்போது கூட்டம் விலகியது. வெளியே தலைகாட்டக்கூடாது என்று சொல்லி வைத்த சூசைதாசன் பனியனும் கைலியுமாக வந்து நின்றான்.

"அண்ணை, நான் ஏறட்டே? பாய்மரத்திலை ஏறிப் பழக்கம்."

தணிகாசலம் நாற்காலியை விட்டு எழுந்தார். "நீயா? உன் கை அந்தக் கொடி மேல படக்கூடாது. போ உள்ள!"

சூசைதாசன் திரும்பிப் போகப் பார்த்தான். செல்லம்மாள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என் புள்ளை அங்க போயி செத்தான். இவன் இங்க வந்து பொழைக்கறான். அந்தக் கொடிக்காகத்தானே என் புள்ளையைக் குடுத்தேன்? அதை யாரு தொடலாம், யாரு தொடக்கூடாதுன்னு நான் சொல்றேன். உனுக்கு இன்னாடா தெரியும், தணிகாசலம்? நீ ஏறு கண்ணு."

தணிகாசலத்தை ஊரில் யாரும் 'டா' போட்டுப் பேசினதில்லை. அவர் திரும்பவும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

சூசைதாசன் கணுக்காலில் கயிற்றை வளையமாகப் போட்டுக்கொண்டு ஏறினான். பாதிக்கு மேல் கம்பம் ஆடியது. "பயப்படாதே, என் வெல்டிங், யானை ஏறுனாலும் விடாது!" என்று கத்தினேன். கத்திக்கொண்டே நாலடி பின்னால் தள்ளி நின்றேன். உச்சிக்குப் போனவன் கொக்கியோடு போராடினான்.

"இடது பக்கம் தள்ளி மேலே தூக்கு! தள்ளு! தூக்கு!" என்று கீழிருந்து வழி சொன்னேன்.

கொக்கி விடவில்லை. வெயில் மில் கூரையைத் தாண்டி மரத்து உச்சிக்குப் போய்விட்டது. செல்லம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். மேலே 'டக்' என்று சத்தம் கேட்டது.

அவன் கொடியைக் கீழே போடவில்லை. கம்பியிலிருந்து அவிழ்த்து, தோளில் குறுக்கே போட்டு, ஒரு முனைகூடத் தொங்காமல் முடிந்துகொண்டு இறங்கினான். நாகப்பன் ரெண்டு கையையும் நீட்டி வாங்கினார். மடிக்க இன்னொரு ஆள் வேண்டும். யாரும் கிட்டே போகவில்லை.

"அந்தப் பக்கம் புடி" என்றார் நாகப்பன்.

ரெண்டு பேருமாக மடித்தார்கள். ஒருவன் அந்த நாட்டுக்குத் துப்பாக்கியோடு போய் வந்தவன், ஒருவன் அந்த நாட்டிலிருந்து ஓடி வந்தவன். மரத்து உச்சியில் அப்போதும் கொஞ்சம் வெயில் இருந்தது. நாகப்பன் மூச்சு விட்ட சத்தம் எனக்குக் கேட்டது. அப்படியே கம்பத்தடிப் பீடத்தில் உட்கார்ந்துவிட்டார்.

தணிகாசலம் மெதுவாகக் கிட்டே வந்தார்.

"ஸ்டேஷன்ல கையெழுத்து ஒழுங்கா போடறியா?"

"ஓமய்யா."

"போடு. இங்கயே இருந்து போடு." அப்புறம் கடைப் பக்கம் திரும்பிக் கத்தினார். "இவனுக்கு ஒரு கோலி சோடா குடுங்கடா! கையெல்லாம் ரத்தமா கீது."

யாரோ நாகப்பன் வீட்டுக்கு ஓடினார்கள், மூட்டையை அவிழ்க்கச் சொல்ல. கூட்டத்தில் எல்லாருக்கும் திடீரென்று பேச்சு வந்துவிட்டது. கம்பம் ஆடினதை ஆளுக்கொரு விதமாக நடித்துக் காட்டினார்கள்.

தணிகாசலம் என்னைக் கூப்பிட்டார்.

"பாபு, இந்தக் கம்பத்துக்கு எவ்ளோ பாக்கி?"

"ஆயிரத்து நானூறு. ஒரு வருஷம் ஆச்சு."

"நான் குடுத்துக்கறேன்" என்று எழுந்தார் நாகப்பன்.

"நீ உக்காருய்யா. கம்பம் நிக்கறது ஊர் எடத்துல, பாத்து பயந்தது ஊரே. கடன் மட்டும் எதுக்கு உன் பேர்ல?"

"கப்பி மாட்டி ஏத்தி எறக்கற மாதிரி மாத்தணும். அதுக்குத் தனியா நூறு ஆவும்" என்றேன். தொழில் வேறு, உணர்ச்சி வேறு.

"அதை உன் செலவுல மாட்டு. இல்லன்னா அடுத்த வருஷம் உன்னையே மேல ஏத்தி விட்ருவேன். கையை நீட்டு."

நீட்டினேன். அவர் மில்லுக்குள் போய்ப் பெட்டியைத் திறந்து, தவிட்டு வாசனை அடிக்கிற நோட்டுகளை எடுத்து வந்து, எச்சில் தொட்டு ஒவ்வொன்றாக என் உள்ளங்கையில் வைத்தார். ஊர் முழுக்க அவரோடு சேர்ந்து சத்தமாக எண்ணியது.