டிரைவர் இல்லாத ட்ரிப்

நம்பினா நம்புங்க, நம்பாட்டி போங்க. எனக்கு நடந்ததைத்தான் சொல்றேன். அதுவும் பட்டப்பகல்ல.

ஒரு ஆம்புலன்ஸ் கம்பெனியில வேலை, அவங்க ஆபீஸ்லயே உட்கார்ந்து வெப்சைட்டுக்கு டேட்டாபேஸ் டிசைன் பண்ணிக்கிட்டிருந்தேன். டிரைவர்களுக்கு ஒரு டேபிள், ட்ரிப்புகளுக்கு ஒரு டேபிள். ரெண்டையும் முடிச்சுப் போட்டு வச்சிருந்தேன். ஒரு டிரைவரை அழிச்சா அவரோட ட்ரிப் எல்லாம் கூடவே போயிடும். டிரைவர் இல்லாத ட்ரிப் உள்ள நுழையவே முடியாது. அந்தப் பூட்டைப் போட்டதே நான்தான்.

முதலாளி வந்தார். "போன மாசம் வண்டியை மோதிச் செத்தானே, அந்த டிரைவரைத் தூக்கிடும்மா. குடிச்சிட்டுத் தூங்கியிருக்கான். கம்பெனி பேரே நாறுது."

தூக்கினேன். டிரைவர் போயிட்டார். அவரோட ட்ரிப்புகள்... அப்படியே நிக்குது.

என்னடா இது கூத்துன்னு கையாலேயே அழிச்சேன். போச்சு. திரும்பப் பார்த்தா, எல்லாம் இருக்கு. கூடப் புதுசா ஒரு ட்ரிப்.

"அக்கா, யாரு இப்ப ட்ரிப் போட்டது?"

போன் எடுக்கிற அக்கா உதட்டைப் பிதுக்கினாங்க. "காலே வரலையே."

எனக்கு வந்துச்சு பாருங்க கோபம்! என் டேபிள்ல எவன் கை வைக்கிறது? மறுபடி அழிச்சேன்.

கீழே சைரன். ஒரே ஒரு தடவை. ஜன்னல்ல எட்டிப் பார்த்தேன். வண்டியே இல்லை.

ஸ்கிரீன்ல... அதே ட்ரிப். ஏத்த வேண்டிய இடம், எங்க ஆபீஸ். பக்கத்துல, 'வந்துட்டேன்.'



ஆனா ஓடல. "என்னதான்யா வேணும் உனக்கு?"



அப்புறம்தான் அந்த ட்ரிப்புகளை ஒண்ணொண்ணாப் படிச்சேன். சாகறதுக்கு முந்தின மூணு நாள். பகல், ராத்திரி, பகல், ராத்திரி. நடுவுல கண்ணசர ஒரு மணி நேரம்கூட இல்லை. குடியாவது மண்ணாங்கட்டியாவது!

முதலாளி தலையை நீட்டினார். "அழிச்சாச்சா?"

"அழியல. இனி அழிக்கவும் மாட்டேன்."

"வேலை போயிடும்."

"போகட்டும்."

அத்தனையையும் பிரிண்ட் எடுத்துக்கிட்டு நேரா அந்த டிரைவரோட சம்சாரத்துக்கிட்ட போனேன். பக்கம் பக்கமாப் பார்த்தாங்க. ஒரு இடத்துல விரல் நின்னுடுச்சு. "இதெல்லாம் அவர் செத்த தேதிக்கு அப்புறம் இருக்கே..."

அதுல ஒரு ட்ரிப்ல இருந்த நோயாளி நம்பருக்குப் போன் போட்டோம். யாரோ பெரியவர். "ஆமாம்மா, போன வாரம் அவர்தான் என்னை ஆஸ்பத்திரியில சேர்த்தார். தங்கமான மனுஷன். வண்டிக் கண்ணாடியில அவர் கண்ணையே பார்த்துக்கிட்டு வந்தேன். வழி முழுக்க ஒரு தடவைகூட இமைக்கலை."

அந்தம்மா அழல. எழுந்து செருப்பை மாட்டினாங்க.

"செத்தும் அவரைத் தூங்க விடலையா அவனுங்க? வாங்க, போய்க் கேப்போம்."