சொதிக்குப் புளி

தொண்ணூறுகளின் நடுவில் பாளையங்கோட்டையில் ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளராக இருந்தேன். வயது இருபத்தாறு. எங்கள் பிரிவில் மூன்று பேர் மத்தியானம் ஒன்றாக வெளியே சாப்பிடப் போவோம். தலைமை எழுத்தர், டைப்பிஸ்ட், நான். தலைமை எழுத்தரை நாங்கள் அண்ணாச்சி என்போம். டைப்பிஸ்ட் எங்களைவிட அமைதியானவர், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடல் குழுவில் பாடுகிறவர்.

கோப்புகளைவிட எங்களிடம் அபிப்பிராயம்தான் அதிகம் நகர்ந்தது. ஜங்ஷனில் எந்த ஓட்டலில் ரவா தோசையை முறுகவிட்டு எடுப்பார்கள், டவுனில் எந்தக் கடை அல்வாவை விளக்கு வைத்த பிறகு வாங்க வேண்டும், மேலப்பாளையத்தில் எந்தக் கடையில் பிரியாணிக்கு முந்தின நாள் கறி போடுகிறார்கள், எல்லாம் எங்களுக்குத் தெரியும். அண்ணாச்சிக்கு உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும்தான் உலகத்திலேயே உயர்ந்த சாப்பாடு. டைப்பிஸ்ட், உவரியிலிருந்து பஸ்ஸில் வரும் மீனைக் குழம்பு வைத்து மறுநாள் காலையில்தான் தொட வேண்டும் என்பார். மற்ற பிரிவுக்காரர்கள் எங்களிடம் வந்து கேட்டுவிட்டுத்தான் சாப்பிடப் போவார்கள். அதில் என் வார்த்தைக்குக் கொஞ்சம் கனம் உண்டு. ஆற்றுப் பாசனத்தில் வயல் வைத்திருந்த சைவக் குடும்பம் எங்களுடையது. வயல் போய்விட்டது, நாக்கு போகவில்லை.

அலுவலகத்துக்குப் பின் தெருவில் ஒரு மெஸ் வந்தது. ஒரு வீட்டின் முன்னறை, நாலு பெஞ்சு, சமையலறைக்கு முன்னால் ஒரு துணித் திரை. நடத்தியவர் பேட்டையில் ஒரு பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். பட்டறை மூடிவிட்டதால் இதில் இறங்கியிருந்தார். சமையல் அவருடைய மனைவி. டவுனில் ஒரு பெரிய வீட்டில் பதினொரு வருஷம் அடுக்களை வேலை பார்த்த அம்மாள். புதன்கிழமை சொதி என்று வாசலில் ஒரு பலகை.

எங்கள் பக்கத்துக் கல்யாண வீடுகளில் மறுநாள் மாப்பிள்ளைக்குப் போடும் விருந்து சொதி. பாசிப்பருப்பும் முருங்கைக்காயும் கேரட்டும் இஞ்சி பூண்டோடு வெந்து கிடக்க, மூன்றாம் தேங்காய்ப்பால், இரண்டாம் பால் என்று ஊற்றி, கடைசியில் கெட்டியான முதல் பாலை ஊற்றிக் கொதிக்கவிடாமல் இறக்கி, எலுமிச்சம்பழம் பிழிய வேண்டும். தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி. ஒரு கொதி கூடினாலும் திரிந்துவிடும். அதை ஒரு மெஸ்ஸில் போடுவது துணிச்சல்தான்.

முதல் புதன்கிழமை சிரிக்கலாம் என்றுதான் போனோம். சோற்றின் மேல் அந்த அம்மாள் கையால் ஊற்றியது இளம் மஞ்சளாக இறங்கியது. நான் மூன்று தடவை கேட்டு வாங்கினேன். அண்ணாச்சி விரலால் இலையை வழித்துக்கொண்டிருந்தார்.

அந்தம்மாள் உள்ளே போன பிறகு கணவர் தோளில் துண்டோடு வந்து நின்றார்.

"குறை ஏதும் இருந்தாச் சொல்லணும் சார். நான் இரும்பு வேல பாத்தவன். சாப்பாட்டப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. படிச்சவங்க நீங்க சொன்னாத்தான் உண்டு."

குறை சொல்லாமல் எழுந்திருக்கும் பழக்கம் அண்ணாச்சிக்கு இல்லை. "இஞ்சி ஒரு பொடி தூக்கலா இருக்கு வே" என்றார். அளவாகத்தான் இருந்தது.

அடுத்த புதன் சொதியில் இஞ்சி பாதிதான் இருந்தது. மெஸ்காரர் பக்கத்தில் நின்று எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ருசி ஒரு படி இறங்கியிருந்தது. "இப்பச் சரியா இருக்கு" என்றார் அண்ணாச்சி. தெருவுக்கு வந்ததும் என் முதுகில் ஒரு தட்டு. "பாத்தியாலே, சொன்னத அப்படியே செய்யுதான்."

விளையாட்டு அப்படித்தான் ஆரம்பித்தது. வாரத்துக்கு ஒருவர் ஒரு யோசனை சொல்ல வேண்டும். அடுத்த புதன் மெஸ்காரர் அதைச் செய்துவிட்டால் மற்ற இரண்டு பேரும் சாயங்காலம் அல்வா வாங்கித் தர வேண்டும். அண்ணாச்சி பூண்டை எடுத்துவிடச் சொன்னார். பூண்டு போனது. டைப்பிஸ்ட் முதலில் மாட்டேன் என்றார். நாங்கள் விடவில்லை. கேரட்டுக்குப் பதில் பீட்ரூட் போடலாமே என்று தரையைப் பார்த்துச் சொன்னார். அடுத்த வாரம் சொதி ரோஸ் நிறத்தில் வந்தது. சிரிப்பை அடக்க நான் தண்ணீர் குடிப்பதுபோல் டம்ளருக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன். அலுவலகம் திரும்பும் வரை தெருவில் நின்று நின்று சிரித்தோம்.

பிறகு என் முறை.

"எங்க வீட்டுல சொதிக்கு எலுமிச்சம்பழம் பிழிய மாட்டாவ" என்றேன் மெஸ்காரரிடம். "புளிதான் கரைச்சு ஊத்துவாவ. பழைய வழக்கம். இப்ப உள்ளவங்களுக்குத் தெரியாது."

சொதிக்குப் புளி என்றால் எங்கள் ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சிரிக்கும். அவர் சிரிக்கவில்லை. "அப்படியா சார்? இவ எலுமிச்சைன்னுல்லா சொல்லுதா."

"அவங்க எங்கன படிச்சாங்களோ" என்றேன்.

அடுத்த புதன் நாங்கள் உட்கார்ந்தபோது திரைக்கு உள்ளே பேச்சு நடந்துகொண்டிருந்தது. அந்த அம்மாளின் குரலை அன்றைக்குத்தான் நான் முழுசாகக் கேட்டேன்.

"இஞ்சியக் கொறைச்சேன். பூண்ட எடுத்தேன். பீட்ரூட்டப் போட்டேன். இதச் செய்ய மாட்டேன். புளிய ஊத்துனா அதுக்குப் பேரு சொதி இல்ல."

"பெரிய வீட்டுப் பிள்ள சொல்லுதாரு. ஒனக்கு அவரவிடத் தெரியுமோ?"

"பதினோரு வருசம் வச்சிருக்கேன். எனக்குத் தெரியாதா?"

"அவங்கள மாதிரி வீட்டுல நீ கரண்டி புடிச்சவ. அவரு அது மாதிரி வீட்டுல பொறந்தவரு."

"யாரு வீட்டுலயும் புளி ஊத்த மாட்டாவ. ஒங்கள வச்சு வெளாடுதாவ. அது ஒங்களுக்குப் புரியல."

அறை விழுந்த சத்தம் கேட்டது. கூடவே ஒரு பாத்திரம் உருண்டது. பக்கத்துப் பெஞ்சில் இருந்த இரண்டு கல்லூரி வாத்தியார்கள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு இலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டார்கள். நாங்களும் தெளித்துக்கொண்டோம்.

சிறிது நேரத்தில் அவர் வாளியோடு வந்தார். பழுப்பு நிறத்தில், திரிந்த பால் திட்டுத் திட்டாக மிதக்க, என் சோற்றில்தான் முதலில் ஊற்றினார். "பாருங்க சார்" என்றார்.

நான் பிசைந்து தின்றேன். அண்ணாச்சி ஒரு வாய் வைத்துவிட்டு, "உப்பு சரியா இருக்கு" என்றார்.

அன்று சாயங்காலம் எனக்கு அல்வா கிடைத்தது. டைப்பிஸ்ட் தன் பங்கைத் தின்னாமல் கையிலேயே வைத்திருந்தார். நெய் காகிதம் முழுக்க ஊறிக் கீழே சொட்டியது. "அந்தம்மாவ அடிச்சிட்டான் தம்பி" என்றார். "நாமளா அடிச்சோம்?" என்று நான் கேட்டேன்.

கூட்டம் குறைய அதிக நாள் ஆகவில்லை. வாத்தியார்கள் வருவதை நிறுத்தினார்கள். எங்கள் மாடியிலிருந்து ஒருவர் வழக்கம்போல என்னிடம் வந்து அந்த மெஸ் எப்படி என்று கேட்டார். "ரசத்துல தேங்கா தவறி விழுந்த மாதிரி இருக்கும், அதுக்குச் சொதின்னு போர்டு வச்சிருக்கான்" என்றேன். மூன்றாம் நாள் வங்கி வரிசையில் முன்பின் தெரியாத ஒருவர் அதே வாக்கியத்தைச் சொல்லி இன்னொருவரைச் சிரிக்கவைத்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. என்னுடையது என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் கவுன்டரில் கூப்பிட்டுவிட்டார்கள்.

நாங்களும் போவதை நிறுத்தினோம். ஒருநாள் மெஸ்காரரே அலுவலக வராந்தாவுக்கு வந்து நின்றார். துண்டு தோளிலிருந்து இடுப்புக்கு இறங்கியிருந்தது.

"சார்மாரு ஏன் வரல்ல?"

"கை மாறிட்டு வே. மொதல்ல இருந்த ருசி இல்ல" என்றார் அண்ணாச்சி.

"நீங்க சொன்னதத்தான சார் செஞ்சேன்."

"நாங்க சொல்லத்தான் செய்வோம். செய்யுததை ஒழுங்காச் செய்யணும்லா."

அவர் என் பக்கம் திரும்பினார். "புளி அளவு தப்பிட்டோ சார்?"

அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அண்ணாச்சி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். உதட்டோரத்தில் சிரிப்பு இருந்தது. "ஆமா, கூடிட்டு" என்றேன். "கொறைச்சு ஊத்திப் பாருங்க." அவர் கும்பிட்டுவிட்டுப் படியிறங்கினார்.

உண்மையைச் சொன்னவர் டைப்பிஸ்ட்தான். ஞாயிறு ஆராதனை முடிந்து நேரே மெஸ்ஸுக்குப் போயிருக்கிறார். மூன்று பேரும் பந்தயம் வைத்ததையும், அல்வாவையும், புளி பொய் என்பதையும் ஒன்றுவிடாமல் சொல்லியிருக்கிறார். திங்கட்கிழமை எங்களிடம் வந்து சொன்னபோது அவர் முகம் வெளிறிக் கிடந்தது.

"என்ன சொன்னான்?" என்று அண்ணாச்சி கேட்டார்.

"நம்பல. ஒங்க ஆளுகளுக்குச் சொதி தெரியாது, அந்தச் சார் வீட்டு வழக்கத்தப் பொய்னு சொல்லாதியன்னு என்னைய வெளிய அனுப்பிட்டான்."

அண்ணாச்சி மேசையைத் தட்டிச் சிரித்தார். நானும் சேர்ந்துகொண்டேன், அவரைவிடக் கொஞ்சம் மெதுவாக. டைப்பிஸ்ட் தன் இடத்துக்குப் போய் மிஷினில் தாள் சொருகினார். அதற்குப் பிறகு அவர் வீட்டுச் சாப்பாடு கொண்டுவர ஆரம்பித்தார், எங்களோடு உட்காரவில்லை.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை டைப்பிஸ்ட் பேசியதைத் திரைக்குள்ளிருந்து அந்த அம்மாள் கேட்டிருக்கிறாள். செவ்வாய்க்கிழமை மத்தியானம் அலுவலக வாசல் வேப்பமரத்தடியில் நின்றாள். நான் சைக்கிளை எடுக்கப் போனபோது முன்னால் வந்தாள்.

"ஒங்க வீட்டுல சொதிக்குப் புளி ஊத்துவாவளா?"

"ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வழக்கம்" என்றேன்.

அவள் முகத்தைச் சாய்த்து வலது பக்கத்தை என்னிடம் திருப்பினாள். "இந்தப் பக்கம் சொல்லுங்க. அந்தக் காது இப்பக் கேக்கல."

நான் திரும்பவும் அதையே சொன்னேன். கொஞ்சம் சத்தமாக.

அவள் கோபப்படவில்லை. என்னை முழுசாக ஒரு தடவை பார்த்தாள், சந்தையில் காயைப் பார்க்கிற மாதிரி. "மொத நாளு மூணு மட்டம் கேட்டு வாங்குனிய. எலய வழிச்சுத் தின்னிய. நான் திரைக்குள்ள நின்னு பாத்தேன். அன்னைக்கு ஒரு வார்த்த, நல்லா இருக்குன்னு அவருட்டச் சொல்லிருந்தா எனக்கு அது போதும். ஏன் சொல்லல?"

கைக்கடிகாரத்தைப் பார்த்து, "நேரமாச்சு" என்றேன். அவள் பைய விலகி வழிவிட்டாள்.

அந்த வாரமே இரண்டு பெண் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அம்பாசமுத்திரத்தில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டேன். அவர் தனியாகப் பத்து நாள் போல ஏதோ பொங்கிப் போட்டுப் பார்த்தார். பிறகு பலகையைக் கழற்றினார்கள். அந்த முன்னறையில் எஸ்.டி.டி. பூத் வந்தது. நானே அங்கிருந்து பலமுறை பேசியிருக்கிறேன். அவர் பேட்டையில் ஒரு பட்டறைக்குக் காவலாளியாகப் போனதாகச் சொன்னார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்து எனக்குக் கல்யாணம் ஆனது. மறுநாள் விருந்தில் மாமனார் வீட்டில் சொதி வைத்தார்கள். தொண்டையில் இறங்கவில்லை என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. இறங்கியது. அந்த மெஸ்ஸில் முதல் புதன்கிழமை சாப்பிட்டதற்கு இது கிட்டவும் வராது என்று நினைத்துக்கொண்டே இரண்டாம் தடவையும் வாங்கினேன். பிரமாதம் என்று மாமனாரிடம் சொன்னேன்.

மெஸ் மூடியதும் அண்ணாச்சியும் நானும் முருகன்குறிச்சிப் பக்கம் வேறு இடம் பிடித்திருந்தோம். முதல் நாளே அண்ணாச்சி ரசத்தில் மிளகு ஒரு பொடி தூக்கல் என்றார். அந்தக் கடைக்காரர் கல்லாவிலிருந்து எழுந்திருக்கக்கூட இல்லை. "பிடிக்கலன்னா வேற எடம் பாரும் வே" என்றார். அண்ணாச்சி இன்னும் கொஞ்சம் ரசத்துக்குக் கையைக் குழித்து நீட்டினார். நாலு வருஷம் நாங்கள் அங்கேதான் சாப்பிட்டோம்.